சாவிக்குக் கணக்கு வையுங்கள்: வணிகக் கட்டட உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட உரிமையாளர்களே, நிர்வாக மேலாளர்களே, வாடகைக்கு இடம் எடுத்து அலுவலகம் நடத்துபவர்களே,

வணக்கம். பூட்டு பொருத்துவதும், பழுது பார்ப்பதும், பெரிய கட்டடங்களுக்குச் சாவி அமைப்பு வகுத்துக் கொடுப்பதும் என் தொழில். ஒரு கட்டடத்துக்குக் கூப்பிட்டால், கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன். "இந்தக் கதவுக்கு மொத்தம் எத்தனை சாவி இருக்கிறது? ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது?" முதல் பாதிக்கே பெரும்பாலும் பதில் வருவதில்லை. நிர்வாகி காவலரைப் பார்ப்பார், காவலர் மேசை இழுப்பறையைத் திறப்பார், உள்ளே பெயரில்லாத ஒரு சாவிக்குவியல் கிடக்கும். அந்தக் குவியலைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பல மாடி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு தளத்தில் இரவோடு இரவாகச் சில மடிக்கணினிகள் காணாமல் போயிருந்தன. கதவில் கீறல்கூட இல்லை. சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் பூட்டின் உள்பகுதியை, கழற்றிப் பார்த்தேன். நல்ல தரமான சாமான், துளை போட்டால் தாங்கக்கூடியது, உள்ளே பின்கள் என்ற சிறு உலோகத் துண்டுகள் ஒழுங்காக இருந்தன, கம்பி விட்டு நோண்டிய தடம் எதுவும் இல்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தச் சாவி, யாருடைய சாவி என்று கேட்டபோது சாவிப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பதிவு 3 ஆண்டுகளுக்கு முந்தையது.

ஆனால் அதற்குள் அங்கே ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம், எல்லாக் கதவையும் திறக்கும் மாஸ்டர் சாவி ஒன்று இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சாவி அது ஒன்றுதான். அவரை வரவேற்பறையில் நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சாவி என்கிட்ட இருந்துச்சு, ஆனா நான் எடுக்கலைங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. நான் பழைய வேலைச்சீட்டுகளைத் தேடிப் பார்த்ததில் அந்த மாஸ்டர் சாவி மொத்தம் 9 வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது. 4 சாவிகள் எங்கே போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குளிர்சாதனம் பொருத்தியவர்கள், உள் அலங்காரம் செய்தவர்கள், வேலையை விட்டுப்போன மேலாளர்கள் என்று பலர் கைக்கு மாஸ்டர் சாவி போய் வந்திருந்தது. எடுத்தது யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அந்த அம்மாவை யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

பூட்டுக்குச் செலவு செய்கிறீர்கள், சாவிக்குக் கணக்கு வைப்பதில்லை. உங்களிடம் நான் சொல்ல வந்த குறை இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் பூட்டைப் பற்றி. இன்று பெரும்பாலான கதவுகளில் இருப்பது பின் சிலிண்டர். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861லும் 1865லும் காப்புரிமை பெற்ற வடிவம்தான் அடிப்படை. தத்துவம் அதைவிடப் பழையது, பழைய எகிப்தின் மரப் பூட்டுகளிலேயே இருந்தது. உள்ளே ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு கூடு, இரண்டையும் குறுக்கே பிடித்து நிற்கும் பின்கள். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. சரியான சாவியைச் செருகினால் எல்லாத் துண்டுகளின் பிளவும் ஒரே கோட்டுக்கு வந்து நிற்கும், உருளை சுழலும். ஒரு பின் மட்டும் சற்று மேலேயோ கீழேயோ நின்றாலும் சுழலாது. எளிமையான, அழகான யோசனை. ஆனால் சாதாரண சிலிண்டரில் எந்தப் பின்னும் கச்சிதமாக இருப்பதில்லை, தயாரிப்பில் நூலிழை அளவு விட்டுக்கொடுத்தல் இருக்கும். பழகிய கை அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும். தனியாக வெட்டிய ஒரு சாவியைச் செருகி, பின்கள் துள்ளும்படி தட்டித் திறக்கும் முறைக்கு அந்த அளவு பழக்கம்கூடத் தேவையில்லை.

உயர்பாதுகாப்புப் பூட்டு என்று நாங்கள் சொல்வது இந்த ஓட்டையை அடைப்பதற்காக இரண்டாவது தடை ஒன்று சேர்த்த பூட்டை. பின் சரியான உயரத்துக்கு எழும்பினால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்கும் திரும்ப வேண்டும் என்று ஒரு வகை உண்டு. 1968ல் தொடங்கிய மெடிகோ நிறுவனம் அதைத்தான் பிரபலமாக்கியது. பின்கள் திரும்பினால்தான் பக்கவாட்டில் இருக்கும் ஒரு கம்பி உள்ளே இறங்கி உருளையை விடுவிக்கும். ஃபின்லாந்தின் அப்லாய் பூட்டில் ஸ்பிரிங்கே கிடையாது, 1907ல் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த சுழல் தட்டுகள்தான். ஸ்பிரிங் இல்லாததால் தட்டித் திறக்கும் வேலை அதனிடம் நடக்காது. காந்தம் பதித்த சாவிகள் உண்டு, பக்கவாட்டில் குழிகள் போட்ட சாவிகள் உண்டு. இவை தவிர துளைப்பானை மழுங்கடிக்கும் கடினமான எஃகுத் துண்டுகளும் உள்ளே இருக்கும்.

இதெல்லாம் இருந்தால் திறக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், திறக்க முடியாத பூட்டு என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள். ஜோசஃப் பிராமா என்ற ஆங்கிலேயர் தன் பூட்டை லண்டன் கடையின் கண்ணாடிச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினிப் பொற்காசு பரிசு என்று எழுதியிருந்தார். சுமார் 60 ஆண்டுகள் அது அசையவில்லை. 1851ல் ஏ. சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்து, பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்துவிட்டார். பூட்டுத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அது தோல்விக் கதையாகத் தோன்றுவதில்லை. 51 மணி நேரம் ஒருவன் உங்கள் கதவு முன்னால் உட்கார்ந்திருக்க முடியுமா? முடியாது. அதுதான் பாதுகாப்பு. பூட்டு விற்பது நேரத்தை.

தரச் சான்றுகளும் நேரத்தைத்தான் அளக்கின்றன. அமெரிக்காவின் யு.எல். 437 சோதனையில் சிலிண்டர் கம்பி நோண்டலை 10 நிமிடமும் துளைப்பானை 5 நிமிடமும் தாங்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 1627 பூட்டை மட்டும் பார்ப்பதில்லை, கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகச் சோதிக்கிறது. அதில் ஆர்.சி. 2 என்ற தாங்குதிறன் வகுப்புக்கு 3 நிமிடம், ஆர்.சி. 3க்கு 5 நிமிடம், ஆர்.சி. 4க்கு 10 நிமிடம். இந்த எண்களைப் பார்த்து, இவ்வளவுதானா என்று சோர்ந்து போகாதீர்கள். அந்த 5 நிமிடத்துக்குள் அலாரம் அடித்து யாராவது வந்து சேர்கிறார்களா என்று பாருங்கள். வராத இடத்தில் எந்த வகுப்புப் பூட்டும் போதாது.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த சிலிண்டரை மெல்லிய நிலையில் பொருத்தச் சொல்லி என்னைக் கேட்டவர்கள் அதிகம். பூட்டு நாக்கு போய் விழும் தகட்டை அரை அங்குலத் திருகாணியால் பிடித்திருப்பார்கள், ஓர் உதையில் நிலை பிளந்துவிடும். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டிக் கதவையே கழற்றிவிடலாம். சிலிண்டர் கதவை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பிடித்து ஒடித்துவிடலாம். ஐரோப்பிய வகைச் சிலிண்டர்கள் நடுவில், திருகாணி ஏறும் இடத்தில், மெலிந்தவை. அங்கேதான் உடையும். இதெல்லாம் ஒரு நல்ல தச்சரும் ஒரு நல்ல பூட்டுக்காரரும் அரை நாளில் சரிசெய்யக்கூடியவை. இங்கே நிற்க வேண்டாம், சாவிக்கு வருவோம்.

சாவி என்பது உலோகத்தில் எழுதிய எண். உங்கள் கையில் இருக்கும் சாவியில் 6 வெட்டுகள் இருந்தால், ஒவ்வொரு வெட்டின் ஆழத்துக்கும் ஓர் இலக்கம், மொத்தம் ஆறிலக்க எண். அந்த எண் தெரிந்தால் போதும், சாவியைப் பார்க்காமலே அதைப் போல இன்னொன்று வெட்டலாம். வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணை யாராவது சட்டையில் எழுதிக்கொண்டு நடப்பார்களா? ஆனால் இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு நடப்பதில் நமக்குக் கூச்சமே இல்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2008ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் 60 மீட்டர் தூரத்தில் மேசை மேல் கிடந்த சாவிகளைக் கூரையிலிருந்து தொலைநோக்கி வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்தே வெட்டு எண்ணைக் கணித்துக் காட்டினார்கள். 2021ல் பெர்லின் நகரத்துக்கான ஒரு சிறையில் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், சிறைச் சாவியைப் படம் எடுத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை, பெருமைக்காகச் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் சிறை நிர்வாகம் 600 பூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. விமான நிலையச் சோதனையாளர்கள் பயணப்பெட்டி திறக்க வைத்திருக்கும் பொதுச் சாவிகளும் இப்படித்தான் போயின. ஒரு செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்து, 2015ல் அந்தச் சாவிகளின் முப்பரிமாண அச்சு வடிவத்தை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். இன்று உலகில் யார் வேண்டுமானாலும் அதை அச்சடித்துக்கொள்ளலாம்.

எனவே ஒரு சின்ன வேண்டுகோள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மகிழ்ச்சியில் அலுவலகச் சாவியோடு படம் எடுத்துப் போடுவார். அவரைத் திட்டாதீர்கள், முதல் நாளே அன்பாகச் சொல்லி வையுங்கள். சாவியை உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாவியில் கட்டடத்தின் பெயரையோ அறை எண்ணையோ எழுதாதீர்கள், உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறியீடு போதும். சாவியின் தலையில் வெட்டு எண் அச்சிட்டிருந்தால், அதை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து நகல். "நகல் எடுக்கக் கூடாது" என்று சாவியில் பொறித்திருப்பதை நம்பி நிம்மதியாக இருக்கும் நிர்வாகிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்து ஒரு வேண்டுகோள் மட்டுமே. சாவி வெட்டும் இயந்திரத்துக்கு எழுத்துத் தெரியாது, கடைக்காரருக்கு அவசரம். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது, வெட்டப்படாத வெற்றுச் சாவியில். ஒரு தயாரிப்பாளர் தன் சாவித் துவாரத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி, அந்த வடிவ வெற்றுச் சாவியை ஒப்பந்தம் போட்ட பூட்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தால், மூலையில் இருக்கும் கடையில் நகல் எடுக்க முடியாது. ஒப்பந்தம் போட்ட அந்தப் பூட்டுக்காரர்கூட, உங்கள் கையெழுத்தும் ஓர் அடையாள அட்டையும் இல்லாமல் புதிய சாவி வெட்ட மாட்டார். சிலிண்டர் வாங்கும்போதே அந்த அட்டை உங்களுக்கு வரும்.

இதில் இரண்டு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒன்று, காப்புரிமைக்கு ஆயுள் உண்டு, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அது முடிந்ததும் அதே வடிவ வெற்றுச் சாவியை வேறு எவரும் தயாரித்து விற்கலாம். எனவே பூட்டு வாங்கும்போது, எத்தனை ஆண்டு காப்புரிமை மீதியிருக்கிறது என்று கேளுங்கள். 17 ஆண்டு கழிந்த ஒன்றைப் புதிதென்று நம்பி வாங்கினால், 3 ஆண்டில் உங்கள் சாவிக் கட்டுப்பாடு காற்றில் போய்விடும். இரண்டு, முப்பரிமாண அச்சு. 2013ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் ஒரு புகழ்பெற்ற உயர்பாதுகாப்புச் சாவியையே அச்சிட்டுக் காட்டினார்கள். 2015ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், கட்டுப்படுத்தப்பட்ட துவாரம் கொண்ட சாவிகளையும் படத்திலிருந்து உருவாக்க முடியும் என்று நிரூபித்தார்கள். வடிவம் மட்டுமே தடையாக இருந்தால் இனி போதாது. சாவிக்குள் அசையும் துண்டோ காந்தமோ மின்னணுச் சில்லோ இருக்கும் வகைகள் இந்த வழியில் நகலெடுக்கக் கடினமானவை. முக்கியமான கதவுகளுக்கு அவற்றைத்தான் நான் சொல்வேன்.

இனி மாஸ்டர் சாவி. என் தொழிலில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பூட்டை அதன் சொந்தச் சாவியும் திறக்க வேண்டும், மாஸ்டரும் திறக்க வேண்டும் என்றால், பின்னின் நடுவே இன்னொரு மெல்லிய துண்டை வைப்போம். அப்போது அந்தப் பின் இரண்டு உயரங்களில் சரியாக நிற்கும். 6 பின்னிலும் இப்படி வைத்தால், கணக்குப்படி 64 வெவ்வேறு வெட்டுகள் அந்தப் பூட்டைத் திறக்கும். நீங்கள் கேட்டது இரண்டு, கிடைத்தது 64. அதாவது ஒவ்வொரு மாஸ்டர் அமைப்பும் பூட்டைச் சற்று பலவீனப்படுத்துகிறது. அதற்கு மேல் பல மாஸ்டர்களின் கதவுகளையும் சேர்த்துத் திறக்கும் கிராண்ட் மாஸ்டர், இந்த இரண்டு அறைச் சாவிகளும் அந்த ஒரு பொது அறையைத் திறக்கட்டும் என்று குறுக்குச் சேர்க்கை, இப்படி ஏற்றிக்கொண்டே போனால் பூட்டில் பின் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

2003ல் மேட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர் இன்னொரு உண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு சாதாரண மாஸ்டர் அமைப்பில் ஒரே ஓர் அறையின் சாவியும், அந்த அறைக் கதவும், சில வெற்றுச் சாவிகளும் இருந்தால், கட்டடம் முழுவதற்குமான மாஸ்டரின் வெட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பூட்டுக்காரர்களில் பலருக்கு இது முன்பே தெரியும், வெளியே சொல்லாமல் இருந்தோம். அவர் வெளியிட்டது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். காரணம், உங்களுக்குத் தெரியாமல் இருந்ததால் நீங்கள் தொடர்ந்து எல்லாக் கதவையும் ஒரே மாஸ்டருக்குள் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெற்றுச் சாவி வெளியில் கிடைக்காத வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த வழி பெரிதும் அடைபடும். நகல் கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

எந்தக் கதவு மாஸ்டருக்குள் வரக் கூடாது? பணம் வைக்கும் அறை, சர்வர் அறை, பணியாளர் கோப்புகள் இருக்கும் அறை, மருந்து வைக்கும் அறை, அப்புறம் சாவிகளே வைக்கும் அறை. இவற்றுக்குத் தனிச் சாவி. பெருக்க வருபவர் அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் பொறுப்பாளர் இருக்கும் நேரத்தில் போகட்டும். இதை அவநம்பிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அறையில் ஏதாவது காணாமல் போகும் நாளில், நான் உள்ளே போகவே முடியாது என்று அவர் தலை நிமிர்ந்து சொல்லலாம். முன்பு சொன்ன அந்த அம்மாவிடம் கட்டடம் முழுவதையும் திறக்கும் சாவியைக் கொடுத்தது யார்? குப்பைக் கூடையை எடுக்க அவருக்குத் தேவைப்பட்டது 11 அறைகள். கையில் இருந்தது கட்டடம் முழுவதும். வசதிக்காக நாம் கொடுத்த அதிகாரம், பழி வந்த நாளில் அவர் தலையில் விழுந்தது.

சாவி தொலைந்தால் என்ன செய்வது? 2012 நவம்பரில், அரச மணிமுடிகளை வைத்திருக்கும் லண்டன் கோபுரம் என்ற பழைய கோட்டைக்குள் புகுந்த ஒருவர் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணிமுடிகள் இருக்கும் இடத்தை அந்தச் சாவிகள் திறக்காது. ஆனாலும் அவை திறக்கும் பூட்டுகளை மாற்றிவிட்டார்கள். தயங்கவில்லை, சாவி எங்காவது கிடைக்கும் என்று காத்திருக்கவும் இல்லை. நம் இடங்களில் நடப்பது வேறு. சாவி தொலைத்தவர் பயத்தில் ஒரு மாதம் சொல்வதில்லை, சொன்ன பிறகு நிர்வாகம் செலவுக்குப் பயந்து ஒரு வருடம் மாற்றுவதில்லை. தொலைத்தவரிடம் அபராதம் பிடிக்கும் வழக்கத்தை விடுங்கள். அன்றே வந்து சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். அபராதம் இருக்கும் இடத்தில் ஆட்கள் சாவி தொலைந்ததை மறைப்பார்கள், அல்லது சத்தமில்லாமல் சகபணியாளரின் சாவியை நகல் எடுத்துக்கொள்வார்கள்.

மாற்றும் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ஃபிராங்க் பெஸ்ட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த மாற்று உள்ளகம் என்ற முறை. ஒரு தனிக் கட்டுப்பாட்டுச் சாவியைப் போட்டுச் சற்றுத் திருப்பினால் பூட்டின் உள்பகுதி மட்டும் கையோடு வந்துவிடும், வேறொன்றைச் செருகலாம். ஒரு கதவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நூறு கதவு இருக்கும் கட்டடத்துக்கு இது வரம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுச் சாவி மாஸ்டரைவிட ஆபத்தானது, அது பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

புதுக் கட்டடம் கட்டுபவர்கள் கட்டுமானச் சாவி முறையைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்கும்வரை தச்சரும் மின்பணியாளரும் ஒரு தற்காலிகச் சாவியை வைத்துக்கொள்வார்கள். கட்டடம் உங்கள் கைக்கு வந்ததும் உங்கள் சாவியை முதல் முறை போட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் இடம் மாறும், அதன் பிறகு தற்காலிகச் சாவி வேலை செய்யாது. அந்த முதல் திருப்பலை ஒவ்வொரு கதவிலும் செய்தோமா என்று சரிபார்ப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கதவு திறக்க எங்களிடம் மின்னணு அட்டைதான், சாவியே கிடையாது என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு: அட்டையும் சாவிதான். 2008ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் மைஃபேர் கிளாசிக் அட்டையின் ரகசியக் குறியீட்டை உடைத்துக் காட்டினார்கள். இன்றும் அதே அட்டை பல கட்டடங்களில் ஓடுகிறது. 2024 மார்ச்சில், உலகெங்கும் 30 லட்சம் விடுதிக் கதவுகளில் இருந்த சாஃப்லாக் பூட்டுகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் வெளியே சொன்னார்கள், ஒரு விடுதியின் ஏதோ ஓர் அட்டையை வைத்து அங்குள்ள எந்த அறையையும் திறக்கலாம் என்ற அளவுக்கு. அட்டையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, தொலைந்தால் கணினியில் ரத்து செய்யலாம், யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் கிடைக்கும். ஆனால் வேலையை விட்டுப் போனவரின் அட்டையை அன்றே ரத்து செய்கிறீர்களா? மின்சாரம் போனால் திறக்க என்று அதே கதவில் ஒரு சாதாரண சிலிண்டர் இருக்கிறதே, அதன் சாவி யாரிடம்? அட்டை வாசிப்பானுக்கு லட்சம் செலவழித்து, பக்கத்தில் மிக மலிவான சிலிண்டரைப் பொருத்திய கதவுகளை நான் என் கையால் மாற்றியிருக்கிறேன்.

பாதுகாப்பு என்ற பெயரில் மனிதரை உள்ளே பூட்டாதீர்கள், இதைக் கை கூப்பிக் கேட்கிறேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த மேற்பார்வையாளர் வேறு வழியாக முன்பே தப்பிவிட்டிருந்தார். துணித் திருட்டைத் தடுக்கப் பூட்டிய கதவு அது. வெளியே போகும் கதவு எதுவாக இருந்தாலும், உள்ளிருப்பவர் சாவி இல்லாமல், யோசிக்காமல், ஒரே அழுத்தலில் திறக்கும்படி இருக்க வேண்டும். அதற்கென்றே இ.என். 179, இ.என். 1125 தரத்தில் அவசரத் தாழ்களும் நெருக்கடிக் கம்பிகளும் இருக்கின்றன. வெளியிலிருந்து உயர்பாதுகாப்பு சிலிண்டர், உள்ளிருந்து ஒரு தள்ளு, இரண்டும் ஒரே கதவில் இருக்க முடியும். அவசர வழியில் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள், நான் செய்ய மாட்டேன்.

கடைசியாக அந்தப் பதிவேடு. அது ஒரு சாதாரண நோட்டாக இருந்தாலும் போதும். ஒவ்வொரு சாவிக்கும் தனி வரிசை எண். எந்தச் சாவி, யாருக்கு, எந்த நாள், எதற்காக, எப்போது திரும்ப வந்தது, வாங்கியவர் கையெழுத்து. ஒரே வெட்டில் மூன்று சாவி இருந்தால் மூன்றுக்கும் மூன்று எண், இல்லையென்றால் எது தொலைந்தது என்று தெரியாது. மாஸ்டர் சாவி வீட்டுக்குப் போகக் கூடாது, வேலை முடிந்ததும் பெட்டகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரிடமும் சாவியைக் காட்டச் சொல்லுங்கள், "என்கிட்டதான் இருக்கு" என்ற வாய் வார்த்தையை ஏற்காதீர்கள். மேலதிகாரியிடமும் கேளுங்கள். என் அனுபவத்தில் அதிகச் சாவி வைத்திருப்பவரும், கையெழுத்துப் போடாதவரும் பெரும்பாலும் அவர்தான். தலைமை அதிகாரி எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினால், காவலரால் மற்றவரிடம் கேட்க முடியும். அவர் போடாவிட்டால் காவலர் யாரிடமும் கேட்க மாட்டார், கேட்கவும் பயம்.

பதிவேட்டையும் வெட்டு அட்டவணையையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எந்தச் சாவிக்கு என்ன வெட்டு என்ற அந்தத் தாள்தான் உங்கள் கட்டடத்தின் மொத்த ரகசியம். அது அச்சுப்பொறி அருகே கிடந்ததை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள் என்று கேட்கிறேன். சிலிண்டர் வாங்கியபோது வந்த அந்த அடையாள அட்டையைத் தேடுங்கள். அதில் யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்று தயாரிப்பாளரிடமோ பூட்டுக்காரரிடமோ கேளுங்கள். பல கட்டடங்களில், என்றைக்கோ வேலையை விட்டுப் போன மேலாளரின் கையெழுத்துக்குத்தான் இன்னும் சாவி வெட்டும் அதிகாரம் இருக்கிறது. அந்தப் பெயரை நீக்கிப் பொறுப்பில் இருப்பவர் பெயரைப் பதியுங்கள். கூடவே, இதுவரை மொத்தம் எத்தனை சாவி வெட்டிக் கொடுத்தார்கள் என்ற எண்ணை எழுத்தில் வாங்குங்கள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தக் குவியலை எண்ணத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதவுகளுக்குப் பூட்டுப் பொருத்தும் ஒரு தொழிலாளி